தமிழ் எல்.கே.ஜி.க்கு இரவல் பிள்ளைகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளே, வழி தவறி வந்துவிட்ட ஓரிரு தம்பிகளே! நான்கு வயதுக் குழந்தையை எப்படிச் சமாளிப்பது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பொம்மை, பாட்டு, களிமண் எல்லாம் ஆகியிருக்கும். நான் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. நான்கு வயதுக் குழந்தை உங்களை ஒன்றும் செய்யாது, மிஞ்சிப் போனால் கடிக்கும். எல்.கே.ஜி. டீச்சருக்கு ஆபத்தெல்லாம் அறுபது வயதுக்காரர்களால்தான் வரும். அதிலும் சால்வை போட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ரிட்டயர் ஆவதற்கு முன்னால் நான் கடைசியாக வேலை பார்த்தது பெங்களூரில், லிங்கராஜபுரம் பக்கத்தில் ஒரு தமிழ் வழி அரசுப் பள்ளியில். ஒரு காலத்தில் உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் வராந்தாவில் படித்த பள்ளி. நான் போன சமயத்தில் பெஞ்சுகள்தான் அதிகம், பிள்ளைகள் கம்மி. எல்.கே.ஜி. ஆரம்பித்தால் அந்தப் பிள்ளைகள் அப்படியே ஒன்றாம் வகுப்புக்கு ஏறிவிடும், பள்ளி பிழைத்துக்கொள்ளும் என்று ஆபீஸில் யாருக்கோ ஞானம் பிறந்தது. ஆனால் வகுப்பு நடத்த எங்களிடம் நல்ல அறை இல்லை. இருந்த ஒன்றும் மழை வந்தால் குளம்.

காம்பவுண்டுக்கு அடுத்து ஒரு தமிழ் மன்றம் இருந்தது. அதன் பக்கவாட்டு அறையில் பழைய பேனர்களையும் உடைந்த நாற்காலிகளையும் போட்டு வைத்திருந்தார்கள். மன்றத் தலைவர் பெரிய மனது பண்ணி அந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார். நாடா வெட்டினார். "இது தமிழ்ப் பயிரின் நாற்றங்கால்" என்று சொல்லும்போது கண் கலங்கி, கர்ச்சீப் எடுத்தார். போட்டோ பிடிக்கிற தம்பி சரியாகப் பிடிக்கவில்லை என்பதால் இன்னொரு தடவையும் கலங்கினார். சாவி மட்டும் அவர் கையிலேயே இருந்தது. தினமும் காலையில் மன்றத்து வாட்ச்மேன் வந்து திறந்துவிடுவார்.

அறை கிடைத்துவிட்டது, பிள்ளைகள் வேண்டுமே. வீடு வீடாகக் கிளம்பினேன். இதில் உங்களுக்கு ஒரு உபாயம் சொல்கிறேன்: கதவைத் தட்டி, "சின்னப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், நீங்கள் ஏதோ சர்வேக்கு வந்தவர் என்று நினைத்து இல்லையென்று சொல்லிவிடுவார்கள். துணி காயும் கொடியைப் பாருங்கள். குட்டிச் சட்டை தொங்கினால் அந்த வீட்டு முன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.

எங்கள் தமிழ் ஜனங்கள் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நாற்காலி, காபி, "என்னா மிஸ், இவ்ளோ வெயில்ல?" எல்லாம் உண்டு. தமிழ் ஸ்கூல் என்று சொன்னதும் முகம் மாறிவிடும்.

"அய்யோ, தமிழ் ஸ்கூலா? வேணாம் மிஸ். நாங்க தமிழ்ல படிச்சு நாசமாப் போனது பத்தாதா?"

"இங்கிலீஷும் சொல்லித் தர்றோம்மா."

"கவர்மென்ட்டு இங்கிலீஷ் எல்லாம் ஒரு இங்கிலீஷா? சும்னே இருங்க மிஸ்."

அந்தம்மா தன் பிள்ளையைச் சேர்த்திருந்தது, ஒரு கார் ஷெட்டில் நடக்கும் 'கான்வென்டில்'. காரை ராத்திரி அங்கேதான் நிறுத்துவார்கள். அதனால் என்ன, பிள்ளைக்கு டை உண்டே!

அதே தெருக் கோடியில் ஒரு ஒற்றை அறை வீடு. கொடியில் சிவப்பு கவுன் ஒன்று காய்ந்தது. கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. சரி, ஆள் இல்லை என்று திரும்பினேன். உள்ளேயிருந்து "கௌன்?" என்று இந்தியில் யாரெனக் கேட்டது ஒரு குரல். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தது. கையில் ஒரு பழைய போன், அதில் கார்ட்டூன். நான் ஆடிப்போய்விட்டேன்.

அம்மா வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். நேபாளத்துப் பெண், தெருத் தமிழ் கொஞ்சம் பழகியிருந்தாள். புருஷன் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி, இவள் அதே அபார்ட்மென்டில் பாத்திரம் கழுவுகிறாள். பூட்டைத் திறந்தபடியே என்னைப் பார்த்துப் பயந்துபோனாள். நான் போலீஸுக்குச் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும், என்ன மொழி, என்ன பாடம், டை உண்டா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"காலையில எப்போ தொறப்பீங்க மேடம்?"

"எட்டரைக்கு."

"அப்போ நாளைக்கே வரலாமா?"

அந்தக் குழந்தைதான் அஸ்மிதா. அவளுக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள். ஒடிசாவிலிருந்து பிகாஷ், கறிக்கடைக்காரர் மகள் ருக்சானா, ராய்ச்சூர் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், ஆந்திராவின் இரட்டைக் குட்டிகள். அறை நிரம்பிவிட்டது. தமிழ்ப் பிள்ளையும் ஒன்றே ஒன்று உண்டு, அதுவும் கான்வென்டில் கடித்து வைத்ததால் அனுப்பிவிட்ட பிள்ளை. இத்தனை பேருக்கும் பொது மொழி என்று ஒன்று வேண்டுமே? நான் பேசிய தமிழைப் பிடித்துக்கொண்டார்கள். தீபாவளி வருவதற்குள் அறைக்குள் நடக்கும் சண்டையெல்லாம் தமிழில்தான். ஒரு பிள்ளை ஒரு மொழியில் கோள் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அந்த மொழி வந்துவிட்டது என்று அர்த்தம். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்ல மாட்டார்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

நாடா வெட்டியதோடு தலைவர் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. எல்.கே.ஜி.யைத் தொடரலாமா, மூடலாமா என்று பார்க்க பிளாக் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வருகிறார் என்று தெரிந்ததும், அதற்கு முந்தின நாளே தலைவர் வந்து நின்றார். கூடவே எங்கள் எச்.எம். நல்ல மனிதர்தான். ஆனால் சால்வையைக் கண்டால் முதுகெலும்பைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுவார்.

தலைவர் குனிந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர் கேட்டார். அஸ்மிதா. பிகாஷ். ருக்சானா. கேட்கக் கேட்க அவருடைய சிரிப்பு சுருங்கிக்கொண்டே வந்தது.

"அம்மையாரே, இவற்றில் தமிழ்க் குழந்தை எது?"

"எல்லாமே தமிழ்லதான் சண்டை போடுதுங்க ஐயா."

"விளையாடாதீர்கள். இது தமிழ்ப் பள்ளி. நாளை அதிகாரி முன்னால் இந்த முகங்களை வைத்துக்கொண்டு நான் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பேன்?"

அந்த முகங்கள் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. எச்.எம். முன்னாலேயே நறுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன், அதற்குள் தலைவர் தன் திட்டத்தை அவிழ்த்துவிட்டார். அவருடைய சம்பந்தி ஒரு நர்சரி நடத்துகிறார். ஏசி, நீச்சல் தொட்டி எல்லாம் உள்ள நர்சரி. அங்கே நல்ல தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளைக்கு ஒரு நாள் அவர்களை வேனில் கொண்டுவந்து இங்கே உட்காரவைப்பது. "இந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்கு விடுப்பு என்று சொல்லிவிடுங்கள்."

அவர் போனதும் எச்.எம். கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினார். "ஒரு நாள்தானே மிஸ். அட்ஜஸ்ட் மாடிக்கொள்ளி. பேரன்ட்ஸ்கிட்ட சொல்லிடுங்க."

ஒரு நாள் லீவு என்றால் அஸ்மிதாவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பூட்டு, ஸ்டூல், ஜன்னல் கம்பி. எச்.எம். சொன்னதற்குத் தலையாட்டினேன். சாயங்காலம் அம்மாக்கள் வந்தபோது யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலையில் உத்தரவைக் கேட்க எல்லோருக்கும் தெரியும். எந்த உத்தரவை மறந்து போக வேண்டும் என்பதற்குத்தான் சர்வீஸ் வேண்டும்.

மறுநாள் எட்டரைக்கு எங்கள் பிள்ளைகள் வழக்கம்போல வந்துவிட்டார்கள். பின்னாலேயே வேன் வந்தது. பட்டுப் பாவாடையும் குட்டி வேட்டியுமாக இறங்கினார்கள், கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்கள்போல. முன்னால், ஜரிகை வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தது தலைவருடைய சொந்தப் பேரன். எச்.எம். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எங்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பலாமென்றால் அம்மாக்கள் அதற்குள் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரே அறையில் இரண்டு எல்.கே.ஜி. பட்டுப் பாவாடை ஒன்று எங்கள் கழிவறையை எட்டிப் பார்த்து வந்த கையோடு ஓவென்று அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து அடுத்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில் மேடம் வந்தார். தார்வாட் பக்கத்துக் கன்னடக்காரர், கோலாரில் ரொம்ப காலம் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாக வரும். ஒன்றும் கேட்காமல் ஒரு குட்டி நாற்காலியில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். தலைவர் தமிழின் தொன்மையில் ஆரம்பித்தார். அவர் நிகழ்காலத்துக்கு வந்து சேருவதற்குள் மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஊட்டா டைம் ஆயித்தல்ல? மக்களா, சாப்பிடத் தட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு மூலைக்கு ஓடி, அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் அவரவர் தட்டை இழுத்துக்கொண்டு வந்து சுவரோரம் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். நசுங்கிய தட்டு பிகாஷுடையது, பூப்போட்டது ருக்சானாவுடையது. தட்டு யாருக்கு இருக்கிறதோ அதுதான் அந்த வகுப்புப் பிள்ளை; இதில் எந்த அதிகாரியும் ஏமாற மாட்டார், ஏமாறாதீர்கள் நீங்களும். பட்டுக் கூட்டம் நின்ற இடத்தில் நின்றது. மேடம் உட்கார்ந்திருந்த தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டார்.

தலைவர் பேரன் மட்டும் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான். மேடம் அவனைப் பக்கத்தில் இழுத்து, "ஏன் கண்ணு அழறே? பசிக்குதா?" என்றார்.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "வாட் ஈஸ் ஷி சேயிங்?" என்றான்.

மேடம் தலைவரைப் பார்த்தார். தலைவர் சுவரைப் பார்த்தார். அப்போதுதான் அஸ்மிதா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பெரிய மனுஷி மாதிரி மேடத்துக்கு விளக்கம் சொன்னாள்.

"அவனுக்குத் தமிழ் தெரியாது மேடம். வேற ஊர்லேருந்து புதுசா வந்திருப்பான். பிகாஷும் ஃபர்ஸ்ட்டு இப்படித்தான் அழுதான். கொஞ்ச நாள் போனா வந்துரும்."

பிறகு பையனின் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்குவது எங்கள் தொழிலில் பெரிய கலை.

"யாரு சார் இந்தப் பையன்?" என்றார் மேடம்.

"வந்து... நம்ம பேரன். சும்மா பார்க்க வந்தான்."

"சந்தோஷம். பார்க்க வந்தவங்களை நான் லெக்கத்துல சேர்க்கறதில்ல." எழுந்தார். "பிள்ளைங்க போதும் அளவுக்கு இருக்காங்க. ரூம் இருந்தா வகுப்பு நடக்கட்டும்."

ரூம் இருந்தால்! தலைவர் பிடித்துக்கொண்டார். மேடத்தின் ஜீப் தெரு முனை திரும்பக்கூட இல்லை. "தமிழ்க் குழந்தைகளுக்காகக் கொடுத்த அறை இது. மூடினாலும் மூடுவேனே தவிர, ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் சத்திரம் நடத்த மாட்டேன். வருடக் கடைசியோடு சாவி வராது" என்று சொல்லிவிட்டு, தமிழ் தெரியாத தன் பேரனைத் தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அஸ்மிதாவின் அம்மா வந்தபோது எச்.எம். அவளிடமும் அதைச் சொல்லித் தொலைத்தார். அவள் அழவில்லை. முந்தானையில் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ரூம் போனா பாப்பா மறுபடி பூட்டுக்குள்ளதானா மேடம்?"

அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் நம்புங்கள். சாப்பாட்டை விடுகிற ரகமல்ல நான்.

எச்.எம். தலைவரிடம் நடையாய் நடந்து, கடைசியில் ஒரு சமாதானத்தோடு வந்தார். மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு அந்த மேடம்தான் சிறப்பு விருந்தினர். அவர் முன்னால் நம் எல்.கே.ஜி. குழந்தை ஒன்று மொழி வாழ்த்துப் பாட வேண்டும். பாடினால் தலைவர் மேடையிலேயே அறையைத் தொடர்ந்து தருவதாக அறிவிப்பார். நன்றாகப் பாடுகிறவள் அஸ்மிதாதான். ஆனால் ஒரு நிபந்தனை, பெயர் தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும். அழைப்பிதழில் 'குமாரி அமுதா' என்று அச்சடித்தே விட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அழைப்பிதழைக் கிழித்திருப்பேன். அஸ்மிதாவின் அம்மாதான் தடுத்தாள்.

"பேரு மாத்தினா ரூம் இருக்குமா? இருந்துட்டுப் போகட்டும் மேடம். வீட்டுக்கு வந்ததும் நான் அஸ்மிதான்னே கூப்டுக்கறேன்."

குழந்தைக்குப் புதுப் பெயரைச் சொல்லிக் கொடுக்கும் வேலையை நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எச்.எம். சாக்லேட்டோடு உட்கார்ந்து விளக்கினார். அவள் சாக்லேட்டைத் தின்றுகொண்டே தலையாட்டினாள். நான்கு வயதுத் தலையாட்டலை நம்பி யாரும் மேடை போடக் கூடாது.

விழாவன்று மன்றத்தில் நல்ல கூட்டம். தெரு ஜனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், கான்வென்ட் அம்மாக்கள் உட்பட. எங்கள் பிள்ளைகளை மேடைக்குக் கீழே ஜமக்காளத்தில் வரிசையாக உட்காரவைத்திருந்தேன். அஸ்மிதாவின் அம்மா வேலையிலிருந்து நேராக வந்து கடைசியில் தூணோரம் நின்றாள். தலைவர் மைக்கைத் தட்டினார்.

"இப்போது மொழி வாழ்த்துப் பாட வருகிறார், குமாரி அமுதா!"

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். காலையில் நான் பெயர் கூப்பிடும்போது வராத பிள்ளைக்காக மற்ற எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், அதில் அவர்களுக்கு ஒரு ஆனந்தம். வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், எதிரே ஒரு பெரியவர் நின்று பெயர் கூப்பிடுகிறார். அஸ்மிதா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். அமுதாவைக் காணோம். தொண்டை கிழியக் கத்தினாள்.

"அமுதா வரல ஐயா!"

அவ்வளவுதான், மொத்த ஜமக்காளமும் சேர்ந்துகொண்டது. "வரல ஐயா!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. தலைவர் சிவந்துபோய், இன்னும் சத்தமாக "அமுதா!" என்றார். பிள்ளைகள் அதைவிடச் சத்தமாக, "வரல ஐயா!" எச்.எம். மேடைப் படியில் நின்று, "ஏய், நீதான், நீதான்" என்று சைகை காட்டினார். அஸ்மிதா அவருக்கு டாட்டா காட்டினாள். முன் வரிசையில் மேடம் என் பக்கம் திரும்பினார். தூணோரம் அஸ்மிதாவின் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் ஓடிப்போய் அவள் காதில், "நீதான்டி அமுதா, போ" என்று சொல்லியிருக்கலாம். போயிருப்பாள், அறையும் கிடைத்திருக்கும். ஆனால் நாளைக் காலையில் வகுப்பில் நான் எந்தப் பெயரைக் கூப்பிடுவது? இத்தனை பேர் பார்க்கிறார்கள், மேடம் பார்க்கிறார், போட்டோத் தம்பி நிற்கிறான். சால்வைக்காரர் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள என்ன வேண்டுமானாலும் செய்வார், அதை நம்பலாம் என்று பட்டது. எழுந்து நின்றேன்.

"ஐயா, பிள்ளை பேரு அஸ்மிதா. அந்தப் பேர்ல கூப்பிட்டுப் பாருங்க, வருவா."

சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். மேடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "கூப்பிடுங்க சார், கேக்கலாம்" என்றார். பின்னாலிருந்து யாரோ தெருக்காரர், "அட கூப்டு தலைவா, நம்ம தெருப் பொண்ணுதான்!" என்று கத்தினார். தலைவர் மைக் பக்கம் குனிந்தார்.

"அஸ்... மிதா."

"உள்ளேன் ஐயா!"

விருட்டென்று எழுந்து, ஜமக்காளத்தில் இரண்டு பேரை மிதித்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். பாடினாள். ஓரிடத்தில்கூட உளறவில்லை. கை தட்டலில் தலைவருக்கு மறுபடி கண் கலங்கியது. இந்தத் தடவை போட்டோத் தம்பி தவறவிடவில்லை. அந்த வேகத்திலேயே அவர் தாளை எடுத்து, மன்றத்தின் செந்தண்மையால் அவ்வறை இனியும் தங்குதடையின்றி மழலையர் பயன்பாட்டிற்கு நல்கப்படும் என்று என்னவோ படித்தார்.

அஸ்மிதாவின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அந்தச் செந்தமிழில் அவளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"ரூம் குடுத்தாரா இல்லியா மேடம்?"

"குடுத்துட்டார்மா."

"நாளைக்கு எட்டரைக்குத் தொறக்கும்ல?"

"திறக்கும்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேலை விட்டு வந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள் என்று நினைக்கிறேன். பரிசாகக் கிடைத்த டப்பாவைத் திறந்தபடி அஸ்மிதா வந்து என் புடவையை இழுத்தாள். அவளுக்கு வேறு கவலை.

"மிஸ், அந்த அமுதா எப்பதான் நம்ம ஸ்கூலுக்கு வருவா?"

"அவ வர மாட்டா கண்ணு. அவ தமிழ்ப் பொண்ணு. கான்வென்ட்ல படிக்கிறா."